81ஏ: கெலுகோர் முகாமில் பதிவான ஒரு நாய்

நான் குடியிருப்பது பினாங்குத் தீவின் கெலுகோரில். மீன்கறிக்குப் புளிப்பு சேர்க்கக் காயவைத்து விற்பார்களே அசாம் கெலுகோர், அந்த மரத்தின் பெயர்தான் எங்கள் ஊருக்கும். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், மேடான் நகரத்திலும் ஒரு கெலுகோர் இருக்கிறது. டச்சுக்காரர்கள் அதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள், பெயர் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அங்கே ஒரு போர்க்கைதி முகாம் நடத்தினார்கள். அந்த முகாமின் ஏட்டில் ‘81ஏ கெலுகோர் மேடான்’ என்று ஒரு பதிவு ஏறியது. அந்த எண் ஒரு நாயுடையது. அவள் பெயர் ஜூடி. அந்தப் போரில் அதிகாரபூர்வமாகக் கைதியாகப் பதிவான ஒரே நாய் அவள்தான் என்று சொல்லப்படுகிறது.

ராணுவங்களில் நாய்களை மாஸ்காட்டாக, அதாவது படையின் அடையாளமாகவும் துணையாகவும், வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பெயரே எதிரில் வந்து நின்றது. அதற்குப் பிறகு இதை விட முடியவில்லை. ஆனால் தொடங்கியது வேறோர் இடத்தில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015இல் மலேசியாவின் வடமாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல உத்தரவு வந்தது. எங்கள் சந்தில் அப்போது இரண்டு நாய்கள். கருப்பனுக்கு ஒரு வீட்டுக்காரர் லைசன்ஸ் எடுத்துக் கழுத்தில் தகடு மாட்டியிருந்தார். செவலைக்கு நாங்கள் எல்லாரும் சோறு போட்டோம், ஒருவரும் லைசன்ஸ் எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் வண்டி வந்தது. கருப்பனை விட்டுவிட்டு செவலையைக் கொண்டுபோனார்கள். இரண்டும் ஒரே திண்ணையில் படுத்த நாய்கள்தான். ஒரு தகடுதான் வித்தியாசம். அந்தத் தகட்டை ஏன் நான் வாங்கி மாட்டவில்லை என்று இன்றும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

ஆகவே இந்த ஆய்வில் நான் கேட்பது ஒரே கேள்வி. ஒரு படை ஒரு நாயின் பெயரைத் தன் ஏட்டில் எழுதும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

ஏட்டில் ஏறும் நாய்கள்

மாஸ்காட் என்பது மோப்பநாய் அல்ல, காவல்நாயும் அல்ல. பிரிட்டிஷார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு போரிட்ட மலாயாவின் அவசரகாலத்தில், 1949 முதல் 1952 வரை, பிரிட்டிஷ் விமானப்படைக் காவல் பிரிவின் லக்கி என்ற நாய் கூட்டாளிகளோடு காடுகளில் தடம் பிடித்தது. அந்தக் குழுவில் உயிரோடு மிஞ்சியது லக்கி மட்டும்தான். 2007இல் அந்தக் குழுவுக்கு டிக்கின் பதக்கம் அறிவித்தார்கள். விலங்குகளின் வீரத்துக்காக மரியா டிக்கின் 1943இல் ஏற்படுத்திய பதக்கம் அது. லக்கி செய்தது வேலை. மாஸ்காட்டுக்கு அப்படி ஒரு வேலை கிடையாது. கூட இருப்பதுதான் அதன் வேலை. அணிவகுப்பில் முன்னால் நடக்கும், முகாமில் படுத்திருக்கும், வீட்டை விட்டு வந்த இளைஞர்கள் கையை வைக்க ஒரு தலையைக் கொடுக்கும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று, படைப்பிரிவு தன் ஆசைக்கு வளர்க்கும் செல்லப்பிராணி. மற்றது, அதிகாரபூர்வ மாஸ்காட். ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவு 1902இல் ஓர் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் நாயைப் பெற்று, அயர்லாந்தின் பழைய அரசன் பிரையன் போருவின் பெயரை அதற்கு வைத்தது. அந்த வரிசை இன்றுவரை அறவில்லை. ஆனால் அதிகாரபூர்வத் தகுதி கிடைத்தது 1961இல்தான். அந்தத் தகுதிதான் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் ராணுவக் கால்நடை மருத்துவரின் கவனிப்பையும் அரசுச் செலவில் பெற உரிமை தந்தது. அமெரிக்க மரைன் படையும் 1922இல் ஜிக்ஸ் என்ற புல்டாக் நாயை முறைப்படி சேர்ப்புத்தாள் எழுதித்தான் படையில் சேர்த்தது.

இதைப் படிக்கும்போது வேடிக்கைக்காகச் செய்ததாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, தென்னாப்பிரிக்காவின் ஜஸ்ட் நியூசன்ஸ் கதையைப் படிக்கும்வரை. அவன் ஒரு கிரேட் டேன் நாய். கேப் டவுனுக்கு அருகே சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தில் மாலுமிகளோடு வளர்ந்தவன். மாலுமிகள் ரயிலேறினால் அவனும் ஏறுவான். இருக்கையில் நீட்டிப் படுப்பான். டிக்கெட் கிடையாது. ரயில்வே பலமுறை எச்சரித்துவிட்டு, கடைசியில் நாயைக் கொன்றுவிடுவோம் என்றது. மாலுமிகள் மேலிடத்துக்கு எழுதினார்கள். கடற்படை ஒரு முடிவெடுத்தது. 1939 ஆகஸ்ட் 25 அன்று அவனை மாலுமியாகவே சேர்த்துவிட்டார்கள். படைவீரனுக்கு ரயிலில் இலவசப் பயணம் உண்டு. அப்புறம் யார் அவனை இறக்கிவிட முடியும்? கப்பலில் ஒருநாளும் கடலுக்குப் போகாத அந்த மாலுமி 1944 ஏப்ரல் 1 அன்று, தன் பிறந்தநாளிலேயே, இறந்தான். கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

வேடிக்கைபோலத் தெரிகிற அந்தச் சேர்ப்புத்தாள் ஓர் உயிரைக் காத்தது. ஏட்டில் பெயர் இருந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று பொருள். எங்கள் சந்துக் கருப்பனின் தகடும் அதைத்தான் சொன்னது.

ஜூடி

ஜூடி 1936இல் ஷாங்காயில் பிறந்த பாயிண்டர் இன நாய். யாங்சே ஆற்றில் ரோந்து போன எச்.எம்.எஸ். நாட் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப் படகின் ஆட்கள் அவளை மாஸ்காட்டாக வாங்கினார்கள். வேட்டைக்கும் உதவுவாள் என்று நினைத்தார்கள். பறவை இருக்கும் இடத்தைக் காட்டும் கலை அவளுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. பிறகு ஆட்கள் எச்.எம்.எஸ். கிராஸ்ஹாப்பர் என்ற படகுக்கு மாறினார்கள், அவளும் கூடப் போனாள். போர் மூண்டதும் அந்தப் படகு சிங்கப்பூர் வந்து சேர்ந்தது.

1942 பிப்ரவரி 14. சிங்கப்பூர் விழுவதற்கு முந்தைய நாள். தப்பி வெளியேறிய கிராஸ்ஹாப்பரை ஜப்பானிய விமானங்கள் அடித்தன. பிழைத்தவர்கள் லிங்கா தீவுக் கூட்டத்தில், ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் ஒதுங்கினார்கள். ஜூடியைக் காணோம். சாமான் எடுக்கப் படகின் சிதைவுக்குத் திரும்பிப்போன ஒரு மாலுமி, கீழ்த்தளத்தில் இரும்புப் பெட்டிகள் சரிந்து அவள் சிக்கிக் கிடப்பதைக் கண்டார். தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜூடி கடலோர மணலில் ஓர் இடத்தை விடாமல் தோண்டினாள். அங்கே நன்னீர் ஊறியது.

அங்கிருந்து சுமத்ராவுக்குப் போய், ஆற்றிலும் காட்டிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து மேற்குக் கரையின் பாடாங் துறைமுகத்தை அடைந்தார்கள். கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. மார்ச் மாதம் ஜப்பானியர் வந்தார்கள். எல்லாரும் கைதிகள். சில மாதங்களில் அவர்களை மேடானின் கெலுகோருக்கு மாற்றினார்கள். ஜூடியை அரிசிச் சாக்குகளுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தார்கள்.

கெலுகோரில்தான் ஃபிராங்க் வில்லியம்ஸ் அவளைக் கண்டார். பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் பிரிவில் இருந்த இளைஞர். 1942 ஆகஸ்டில் ஒருநாள் தன் பங்குச் சோற்றை, கைப்பிடி அளவுதான் அது, நாயின் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து அவள் அவரை விட்டுப் பிரியவில்லை. கைதிகளை யாராவது அடித்தால் அவள் பல்லைக் காட்டிப் பாய்வாள். காவலர்கள் துப்பாக்கியைத் தூக்குவார்கள். இன்றோ நாளையோ சுட்டுவிடுவார்கள் என்ற நிலை.

அப்போதுதான் ஃபிராங்க் அந்தக் காரியத்தைச் செய்தார். முகாம் தளபதி ஒருநாள் மதுபோதையில் நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து அவரிடம் போனார். ஜூடி முகாமில் குட்டி போடும் காலம். ஒரு குட்டியைத் தருகிறேன், பதிலுக்கு ஜூடியைப் போர்க்கைதியாகப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டார். தளபதி எழுதிக் கொடுத்தார். ஃபிராங்கின் எண் 81. நாய்க்கு 81ஏ.

அந்த ‘ஏ’ எழுத்தை நான் நெடுநேரம் யோசித்தேன். அது அவளுக்கென்று தனியாகக் கொடுத்த எண் அல்ல. ஒரு மனிதனின் எண்ணோடு ஒட்டிய எண். இவள் இவனுடையவள், இவனைக் கேட்காமல் இவளைத் தொடாதே என்று சொல்லும் எண். குதிரைக்கும் கழுதைக்கும் கிடங்கில் ஓர் எண் இருக்கும், அது சரக்கு எண். இது அப்படியில்லை. ஒரு கைதியின் எண், உணவு வரிசையிலும் தலையெண்ணிப் பார்க்கும் வரிசையிலும் நிற்கிற எண்.

ஆனால் எண் எல்லா நாளும் காக்கவில்லை. இந்த நிகழ்வின் முக்கியமான பகுதி அதுதான் என்று நினைக்கிறேன். 1944 ஜூனில் கைதிகளை சிங்கப்பூருக்குக் கப்பலேற்ற உத்தரவு வந்தது. தளபதி மாறியிருந்தார். நாய் வரக்கூடாது என்றார் புதியவர். முன்னவர் எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்பில்லை. ஃபிராங்க் ஜூடிக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார். விரலைச் சொடுக்கினால் சாக்குக்குள் ஏறி அசையாமல் கிடக்க வேண்டும். புறப்படும் நாளில் வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க வைத்தார்கள். அவர் தோளில் சாக்கு. சாக்குக்குள் ஜூடி. அவள் முனகவும் இல்லை. பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாள் கைவிட்ட அன்று ஆட்கள் கைவிடவில்லை.

வான் வேர்வைக் என்ற அந்தக் கப்பலில் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள். 1944 ஜூன் 26 அன்று, கைதிகள் இருப்பது தெரியாமல், பிரிட்டிஷ் நீர்மூழ்கி எச்.எம்.எஸ். டிரகுலன்ட் நீரிணையில் அதை டார்பிடோவால் தாக்கியது. தன் நாட்டுக் குண்டே தன் ஆட்களைக் கொன்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் சாய்ந்தபோது ஃபிராங்க் ஜூடியைச் சிறு சன்னல் வழியாகக் கடலில் தள்ளிவிட்டார். பிழைத்தவர்கள் பின்னர் சொன்னவை: அவள் நீந்தி நீந்தி மிதக்கும் கட்டைகளை மூழ்குகிறவர்களிடம் தள்ளினாள், சிலர் அவள் முதுகைப் பற்றிக் கரையேறினார்கள். எண்ணெய் படிந்த கடலில் உயிருக்குத் தவித்தவர்களின் நினைவு இது. விவரங்களில் முன்பின் இருக்கலாம். ஆனால் பலர் வாயிலிருந்தும் அதே நாய் வருகிறது.

சிங்கப்பூர் முகாமில் ஃபிராங்கும் ஜூடியும் மறுபடி சேர்ந்தார்கள். பிறகு திரும்பவும் சுமத்ரா. பக்கான்பாருவிலிருந்து மூவாரோவுக்கு 220 கிலோமீட்டர் ரயில்பாதை. காடு, சதுப்பு, மலேரியா, பசி. அங்கே ஜூடி பாம்பையும் எலியையும் பிடித்தாள், புலி நடமாட்டத்தைக் குரைத்துச் சொன்னாள். அவளைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்தபோதெல்லாம் ஃபிராங்க் விரலைச் சொடுக்குவார், அவள் காட்டுக்குள் மறைந்துவிடுவாள். பாதை முடிந்த நாள் 1945 ஆகஸ்ட் 15. ஜப்பான் சரணடைந்ததும் அன்றுதான். அந்தப் பாதை ஒருநாளும் போருக்குப் பயன்படவில்லை.

1946 மே மாதம் லண்டனில் அவளுக்கு டிக்கின் பதக்கம் அணிவித்தார்கள். ஃபிராங்க் வேலை தேடி ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவுக்கு (இன்றைய தான்சானியா) போனபோது கூடவே போனாள். 1950 பிப்ரவரி 17 அன்று நச்சிங்வேயா என்ற ஊரில் இறந்தாள். ஃபிராங்க் தன் கையாலேயே கல்லறை கட்டி, அவள் வரலாற்றைப் பொறித்த தகடு ஒன்றையும் பதித்தார்.

அவள் கொடுத்தது என்ன

பட்டினி கிடந்த மனிதர்கள் ஒரு நாய்க்கு ஏன் சோறு போட்டார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நஷ்டம். ஒவ்வொரு பருக்கையும் ஒரு மனிதனின் ஆயுள். ஃபிராங்க் பின்னாளில் சொன்னதன் சாரம் இதுதான்: நான் செத்துப்போனால் இவள் கதி என்ன என்ற நினைப்பே என்னை உயிரோடு வைத்தது. முகாமில் ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியும். ஆனால் தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பதை ஜூடி அவருக்கு ஒவ்வொரு நாளும் நினைவூட்டினாள். மாஸ்காட் வழக்கத்தின் உயிர்நாடி இதுதான் என்பது என் முடிவு. அணிவகுப்பும் அங்கியும் அதற்கு மேல் பூசிய வண்ணம்.

ஜூடி இதையெல்லாம் கேட்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்களின் போருக்குள் அவளைக் கொண்டுவந்தது மனிதர்கள். அவளை ஏட்டில் எழுதியது அவள்மீது காட்டிய தயவு அல்ல. கொண்டுவந்தவர்கள் செய்தாகவேண்டிய கடமை.

பெரட்டு

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். விடியும் முன்னே பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற ஆள்பதிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆண்பிள்ளைகளுக்கு அப்பன் பெயரும் சேர்த்து. கூப்பிட்டு ஆள் பதில் சொன்னால்தான் அன்றைக்குக் கூலி.

போர்க்காலத்தில் பாட்டியின் அண்ணனை ஜப்பானியர் ரயில்பாதை போட சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். “மூணு மாசத்துல அனுப்பிடுறோம்னு சொல்லித்தான்யா லாரியில ஏத்துனாங்க. அதுக்கப்புறம் பெரட்டுல எங்கண்ணன் பேரக் கூப்பிடவே இல்ல” என்பார் பாட்டி. அண்ணன் வரவில்லை என்று சொல்லமாட்டார். பேரைக் கூப்பிடவில்லை என்றுதான் சொல்வார். சின்னவயதில் எனக்கு இது விசித்திரமாக இருந்தது.

சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்த ஏடுகள் இருந்தன. யார், என்றைக்கு, எதனால் இறந்தார் என்று எழுதினார்கள். அதனால்தான் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் போர்க்கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழர்கள் காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். எரித்தார்கள், புதைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் எழுத ஆள் இல்லை.

ஒரு நாய்க்கு எண் கிடைத்தது, நம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஜூடியின்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அந்த நாய்க்கு அது கிடைத்தது நல்லது. அவள் பக்கத்தில் ஒரு ஃபிராங்க் இருந்தார், தளபதியிடம் போய்ப் பேரம் பேசினார். பாட்டியின் அண்ணனுக்காக எந்தத் தளபதியிடமும் யாரும் போகவில்லை. அவரை லாரியில் ஏற்ற உதவிய தோட்டத்து ஆட்களே அவர் பெயரைப் புத்தகத்திலிருந்து அடித்தார்கள். அந்த வேதனைதான் எனக்கு.

பெயரை எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு அந்நியமும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த நாயின் பெயரை நான் வாசிக்கிறேன். 81ஏ என்று எழுதியதற்கும் கோவிவன் என்று வெட்டியதற்கும் நடுவே எனக்குப் பெரிய தூரம் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர், இவன் நம்மோடு நின்றான், எழுது என்று சொல்லியிருக்கிறார்.

2023இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனாபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் சயாம் ரயில்பாதையில் மாண்டவர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டது. எல்லாருக்கும் சேர்த்து ஒரு கல்.

பாட்டி இறப்பதற்கு முன் என் அப்பாவைக் கூப்பிட்டு அண்ணன் பெயரை ஒரு தாளில் எழுதச் சொன்னார். பெரட்டில் கூப்பிடுவதுபோலவே, அப்பன் பெயரோடு. அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காஞ்சனாபுரிக்கு ரயிலேறுகிறோம். நடுகல்லின் முன்னால் நின்று அதை உரக்க வாசிக்கவேண்டும், கிராணி கூப்பிடும் அதே முறையில்.